கையெழுத்து யாருடையது? முதிய பெண்களும் சிறுகதைப் போட்டிகளும்

திண்டிவனத்தில் நாங்கள் சில பெண்கள் மாதம் ஒருமுறை கூடிப் புத்தகம் பேசுவோம். பெயர்ப்பலகை வைத்த அமைப்பு அல்ல. ஒருவர் வீட்டுத் திண்ணையோ மொட்டை மாடியோ போதும். விழுப்புரத்திலிருந்து ரயிலேறி வருபவர்களும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன்பு, 60 வயதைக் கடந்த பெண்களுக்கென்று ஒரு சிறுகதைப் போட்டி நடத்தலாம் என்று முடிவு செய்தோம். அக்டோபர் 1 உலக முதியோர் நாள். அந்த நாளில் எங்கள் பக்கத்தில் வயதான பெண்களுக்கு வைக்கிற போட்டிகளைப் பார்த்து எனக்கு அலுத்திருந்தது. கோலம் போடச் சொல்வார்கள், பந்து கைமாற்றச் சொல்வார்கள், பழைய சினிமாப் பாட்டுப் பாடச் சொல்வார்கள். கடைசியில் ஒரு சால்வையும் எவர்சில்வர் டப்பாவும். 60 ஆண்டுகள் வாழ்ந்தவளிடம் ஒரு கதை இருக்குமா என்று யாரும் கேட்டதில்லை.

விதிகளை நான்தான் எழுதினேன். 60 வயது நிறைந்திருக்க வேண்டும். கதை நான்கு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. பெயரைத் தனித்தாளில் எழுத வேண்டும். அடுத்து, எந்த யோசனையும் இல்லாமல் எழுதிய ஒரு வரி: கதை சொந்தக் கையெழுத்தில் இருக்க வேண்டும். மகனோ மருமகளோ எழுதிக் கொடுத்துவிடக் கூடாதே என்ற எச்சரிக்கைதான். அந்த ஒரு வரி என்ன செய்தது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

வந்த கதைகளில் பெரும்பாலானவை ஓய்வுபெற்ற ஆசிரியைகளும் அரசு ஊழியர்களும் எழுதியவை. நல்ல கதைகளும் இருந்தன. ஒன்று மட்டும் பள்ளிக்கூட நோட்டிலிருந்து கிழித்த தாள்களில், பிள்ளைக் கையெழுத்தில், ஒற்றெழுத்துப் பிழைகளோடு வந்தது. நடவுக்குப் போன இடத்தில் வேப்பமரத்தில் ஏணை கட்டிக் குழந்தையைப் போட்டுவிட்டு வயலில் இறங்கிய ஒருத்தியின் கதை. குழந்தை அழுகிறது. வரிசை முடியாமல் கரையேற முடியாது. பால் கட்டி ரவிக்கை நனைகிறது. பக்கத்தில் நடுகிறவள் பாட்டை எடுக்கிறாள். அந்தப் பாட்டின் சத்தத்தில் குழந்தையின் அழுகை கேட்காமல் போகிறது. கதை அங்கே நின்றுவிட்டது. குழந்தைக்கு என்ன ஆயிற்று என்று சொல்லவில்லை.

விதிப்படி அதை ஒதுக்கி வைத்தேன். சில நாள் கழித்து எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் என்னைத் தேடி வந்தாள். “ஆயா சொன்னாங்க டீச்சர், நான் எழுதுனேன். ஆயாவுக்கு எழுத வராது. பரிசு இல்லன்னாலும் பரவால்ல, தாளைக் குடுத்துடச் சொன்னாங்க” என்றாள். தாளைக் கொடுத்து அனுப்பினேன். அன்றிரவு தூக்கம் வரவில்லை. ஒரு கதைக்கு உரியவர் யார், சொன்னவரா எழுதியவரா? நான் வரலாறு படித்தவள். வரலாற்றில் தேடிப் பார்க்கலாம் என்று தோன்றியது.

நான் உட்கார்ந்திருந்த ஊரிலிருந்தே தேடலாம். இன்றைய திண்டிவனத்தின் ஒரு பகுதி கிடங்கில். சங்க காலத்தில் ஓய்மாநாட்டு நல்லியக்கோடனின் ஊர். அவனைப் பாடியது சிறுபாணாற்றுப்படை. அதில் பாணன் தன் பழைய வறுமையைச் சொல்லுமிடத்தில் ஒரு பெண் வருகிறாள். கூரை இற்றுப்போன அடுக்களையில், அன்று குட்டி ஈன்ற நாய் குரைத்துக்கொண்டிருக்க, பசியால் இளைத்த அவள் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி உப்பில்லாமல் வேகவைக்கிறாள். புறம் பேசுகிறவர்கள் பார்த்துவிடக் கூடாதென்று கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு சேர்ந்து உண்கிறாள். தமிழில் பசியைப் பற்றி எழுதப்பட்ட கூர்மையான காட்சிகளில் இதுவும் ஒன்று. ஆனால் அந்தக் கதவுக்குப் பின்னால் நடந்ததை நமக்குச் சொல்பவர் அவளல்ல. அவள் வாயிலிருந்து ஒரு சொல்லும் வருவதில்லை.

இன்னொரு பெண்ணும் எங்கள் பக்கத்துக்குரியவள். திருக்கோவிலூர் 2019 வரை விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது, இப்போது கள்ளக்குறிச்சி மாவட்டம். பாரியின் மகள்களுக்கு ஔவை திருமணம் செய்து வைத்தது அங்கேதான் என்று கதை சொல்வார்கள். அங்குள்ள பிள்ளையார் முன்னால்தான் ஔவை அகவல் பாடினாள் என்றும் சொல்வார்கள். ஔவை என்ற பெயரில் வெவ்வேறு காலங்களில் பல புலவர்கள் இருந்திருக்கிறார்கள் என்பது ஆய்வாளர் முடிவு. மக்கள் மனத்திலோ ஒரே ஔவைதான். நரைத்த கூந்தல், கையில் கோல். 1953ல் ஜெமினி எடுத்த படத்தில் கே.பி. சுந்தராம்பாள் அந்த உருவத்தை நிலைநிறுத்திவிட்டார். கல்யாணத்திலிருந்து தப்பிக்கத்தான் அவள் பிள்ளையாரிடம் முதுமையை வேண்டிப் பெற்றாள் என்பது கதை. பெண் புலமையோடு ஊர் ஊராகத் திரிய வேண்டுமானால் முதலில் கிழவியாக வேண்டும் என்று ஒரு சமூகம் ஒப்புக்கொண்ட கதை அது. அப்படியானால் நிஜமான கிழவிகளுக்கு இங்கே நிறையச் சுதந்திரம் கிடைத்திருக்க வேண்டும். கிடைத்ததா?

இனி போட்டிகளின் கதைக்கு வருவோம். தமிழ்ப் பத்திரிகைகள் 1930களின் தொடக்கத்திலேயே சிறுகதைப் போட்டிகள் நடத்தின. பி.எஸ். ராமையா எழுத்துக்கு வந்தது ஆனந்த விகடன் போட்டி வழியாகத்தான். ஆனால் போட்டி என்ற ஏற்பாட்டின் முழுப் பயனையும் பெற்றவர்கள் பெண்கள் என்பது என் எண்ணம். பத்திரிகை அலுவலகத்துக்குப் போய் ஆசிரியரைப் பார்ப்பதோ, காபி கிளப்பில் உட்கார்ந்து இலக்கியம் பேசுவதோ அன்றைய குடும்பப் பெண்ணுக்கு முடியாத காரியம். தபால்பெட்டி வரை போக முடியும், அல்லது யாரிடமாவது கொடுத்துப் போடச் சொல்ல முடியும். போட்டி என்ற அறிவிப்பு வந்தால், அறிமுகம் இல்லாமலே அவள் கதை ஒரு நடுவரின் மேசைக்குப் போய்ச் சேரும்.

இப்படித்தான் சிறுவயதில் மணமாகிக் கூட்டுக்குடும்பத்தில் வாழ்ந்த ராஜேஸ்வரி, 1947ல் கல்கி நடத்திய போட்டியில் பரிசு பெற்று அநுத்தமாவாக வெளிவந்தார். அந்தப் புனைபெயரைச் சூட்டியவர் அவருடைய மாமனார். 1949ல் அவருடைய ‘மணல் வீடு’ நாவலுக்குக் கலைமகள் பரிசு கிடைத்தது. முசிறியில் 1925ல் பிறந்து 15 வயதில் மணமான ராஜம் கிருஷ்ணனுக்கு, 1950ல் நியூயார்க் ஹெரால்டு ட்ரிப்யூன் நடத்திய சர்வதேசச் சிறுகதைப் போட்டியில் பரிசு கிடைத்தது. வீட்டை விட்டு அதிகம் வெளியே போகாமல் வாழ்ந்த ஆர். சூடாமணியை வாசகர்களிடம் கொண்டு சேர்த்ததும் 1950களின் பிற்பகுதியில் கிடைத்த கலைமகள் பரிசுதான். 1990களின் இறுதியிலிருந்து சில ஆண்டுகள் கோவை ஞானி பெண்களுக்கென்றே சிறுகதைப் போட்டி நடத்தி, தேர்ந்த கதைகளைத் தொகுப்புகளாகக் கொண்டுவந்தார்.

இந்த வரலாறு நமக்குப் பெருமைதான். ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. தபால்பெட்டி வரை போக முடிந்தவர்கள் யார்? கடிதம் எழுதத் தெரிந்தவர்கள். 1951 கணக்கெடுப்பின்படி இந்தியப் பெண்களில் எழுத்தறிந்தவர்கள் 100க்கு 9 பேர்தான். அந்த 9 பேரும் பெரும்பாலும் எந்தச் சாதிகளில், எந்தத் தெருக்களில் இருந்தார்கள் என்று நான் விளக்க வேண்டியதில்லை. அநுத்தமாவுக்கும் ராஜம் கிருஷ்ணனுக்கும் போட்டி திறந்துவிட்ட கதவு, அதே ஆண்டுகளில் மல்லாட்டை ஆய்ந்துகொண்டிருந்த பெண்ணுக்கு இருக்கிறதென்றே தெரியாது. அந்தப் பெண்ணின் மகள்தான் இன்று எங்கள் ஊரில் 70 வயது ஆயா. அவளுக்கும் பள்ளிக்கூடம் வாய்க்கவில்லை. வயதானவர்களுக்கான எழுத்துப் போட்டி என்று நாம் அறிவிக்கும்போது, சிறுவயதில் பள்ளி கிடைத்தவர்களை மட்டும் மறுபடி ஒருமுறை அழைக்கிறோம். என் விதியும் அதைத்தான் செய்தது.

சொன்னவர் ஒருவர், எழுதியவர் இன்னொருவர் என்பது இலக்கியத்துக்குப் புதிதா என்ன? வியாசர் சொல்ல விநாயகர் எழுதினார் என்கிறோம். பாரதத்தை விநாயகர் எழுதிய நூல் என்று யாரும் சொல்வதில்லை. வை.மு. கோதைநாயகி அம்மாளை எடுத்துக்கொள்ளுங்கள். 1901ல் பிறந்து ஐந்து வயது கடந்தவுடன் மணமுடிக்கப்பட்டவர். சரளமாக எழுதப் பழகாத நிலையில், தன் முதல் படைப்பான ‘இந்திர மோகனா’ நாடகத்தைத் தோழி பட்டம்மாளிடம் சொல்லி எழுதவைத்தார். பிறகு ‘ஜகன்மோகினி’ இதழை நடத்தி நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்களைத் தந்தார். சொந்தக் கையெழுத்து என்ற என் விதி அன்று இருந்திருந்தால் அவருடைய முதல் கதவே மூடியிருக்கும். கோவை ஞானியும் கண்பார்வை இழந்த பிறகு, உதவியாளர் வாசிக்கக் கேட்டுப் படித்தார், சொல்லி எழுதவைத்தார். அவருடைய விமர்சனம் யாருடையது என்று எவரும் கேட்டதில்லை. அறிஞர் சொன்னால் அது எழுத்து. ஆயா சொன்னால் மட்டும் ஏன் அது ‘யாரோ எழுதிக் கொடுத்தது’ ஆகிறது?

எங்களுக்கு மிக அருகிலேயே இதற்கு ஒரு பெரிய சான்று உண்டு. புதுச்சேரிக்குப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்தவர் விராம்மா. தலித் விவசாயக் கூலி, பிள்ளைப்பேறு பார்ப்பவர், ஒப்பாரியும் பாட்டும் தெரிந்தவர். எழுதப் படிக்கத் தெரியாதவர். அவர் ஆண்டுக்கணக்கில் சொன்ன தன் வாழ்க்கையை ஜோசியன் ராசின் தமிழில் பதிவு செய்தார். ஜோசியனும் ஜான்-லுக் ராசினும் சேர்ந்து அதைப் பிரெஞ்சில் நூலாக்கினார்கள். 1995ல் பிரெஞ்சுப் பதிப்பும் 1997ல் ஆங்கிலப் பதிப்பும் வந்தன. அட்டையில் மூன்று பெயர்கள் இருக்கின்றன. முதலில் நிற்பது விராம்மாவின் பெயர். கையெழுத்து யாருடையது என்ற கேள்விக்கு அந்த அட்டை ஒரு நேர்மையான பதில். அதே சமயம், அந்த நூலிலிருந்து நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியும் உண்டு. சொன்னதில் எதை வைப்பது, எதை விடுவது என்று முடிவு செய்பவரிடம் பெரிய அதிகாரம் இருக்கிறது. பேத்தி எழுதும்போதும் அந்த அதிகாரம் பேத்தியிடம் இருக்கிறது. ஆயா சொன்ன கெட்ட வார்த்தையைப் பேத்தி விட்டிருக்கலாம். ஆயா சொல்லாத முடிவைச் சேர்த்திருக்கலாம். இதற்குத் தீர்வு விலக்குவதல்ல. எழுதியதை ஆயாவுக்குத் திரும்ப வாசித்துக் காட்டி, ‘இது நீங்கள் சொன்னதுதானா’ என்று கேட்பது.

எழுத்தைத் தாமதமாகக் கைப்பற்றியவர்களும் இருக்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டு வங்காளத்தில் ராசசுந்தரி தேவி, நூலிலிருந்து ஓர் ஏட்டை எடுத்து அடுக்களையில் ஒளித்துவைத்து, மகன் எழுதிப் பழகிய எழுத்துகளோடு ஒப்பிட்டு, யாருக்கும் தெரியாமல் படிக்கக் கற்றார். ஏறத்தாழ 60 வயதில் தன் வாழ்க்கையை எழுதினார். கிடங்கில் பெண் பசியை மறைக்கக் கதவை அடைத்தாள் என்றால், இவர் படிப்பை மறைக்க அடுக்களைக்குள் ஒதுங்கினார். நம் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் 1883ல் பிறந்தவர். ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ வெளிவந்த 1936ல் அவருக்கு 53 வயது. பொட்டுக்கட்டும் முறைக்கு எதிராகப் பல ஆண்டுகள் மேடையில் பேசிய பிறகு எழுதிய நாவல் அது. அந்த அனுபவம் இல்லாமல் 25 வயதில் அதை எழுதியிருக்க முடியாது.

1990களின் தொடக்கத்தில் புதுச்சேரியிலும் புதுக்கோட்டையிலும் தொடங்கிய அறிவொளி இயக்கம் தமிழகத்தின் பிற மாவட்டங்களுக்கும் பரவியபோது, ஆயிரக்கணக்கான பெண்கள் லாந்தர் வெளிச்சத்தில் சிலேட்டைப் பிடித்தார்கள். கைநாட்டு கையெழுத்தாக மாறியது பெரிய காரியம். ஆனால் பேர் எழுதப் பழகியதோடு பலருக்கு அது நின்றுபோனது. பெயருக்கு அடுத்த வாக்கியத்தை எழுத அவர்களுக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. கேரளத்தில் 2018ல் கார்த்தியாயினி அம்மா 96 வயதில் எழுத்தறிவுத் தேர்வெழுதி 100க்கு 98 வாங்கியபோது நாடே கொண்டாடியது. நானும் மகிழ்ந்தேன். ஆனால் அவர் என்ன எழுதினார் என்பதைவிட, எத்தனை மதிப்பெண் என்பதே செய்தியானது.

முதுமையில் எழுத்து என்றால் நம் நிறுவனங்களுக்குப் பழக்கமில்லை. சாகித்திய அகாதெமி 2011 முதல் 35 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு யுவ புரஸ்கார் வழங்குகிறது. இளையவர்களுக்கு அது தேவைதான். 60க்குப் பிறகு முதல் நூல் எழுதுபவருக்கு அப்படி எதுவும் இல்லை. புதிய எழுத்தாளர் என்றாலே இளைஞர் என்று வைத்துக்கொண்டோம். பிள்ளை வளர்த்து, மாமியாரைப் பார்த்து, பேரன் பேத்திக்கும் சோறூட்டி முடித்த பிறகு நேரம் கிடைக்கும் பெண்ணுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. 2007ல் வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், பராமரிப்பு என்பதில் உணவு, உடை, உறைவிடம், மருத்துவம் ஆகியவற்றைச் சொல்கிறது. அவை கிடைக்காதவர்கள் ஏராளம் என்பதால் அந்தச் சட்டம் அவசியம். ஆனால் முதியவர் என்றால் பராமரிக்கப்பட வேண்டியவர் மட்டும்தான் என்ற பார்வை நம் எல்லோரிடமும் ஊறியிருக்கிறது. ராஜம் கிருஷ்ணனே கடைசி ஆண்டுகளில் முதியோர் இல்லத்தில் வாழ நேர்ந்தது. அவர் உயிரோடிருக்கும்போதே 2009ல் தமிழக அரசு அவர் நூல்களை நாட்டுடைமையாக்கியது. 2014 அக்டோபரில் காலமானார். போட்டியில் பரிசு வாங்கித் தொடங்கிய ஒரு பெண் எழுத்தாளரின் முதுமையே அப்படியென்றால், மற்றவர்களைப் பற்றி என்ன சொல்ல?

முதியோருக்குத் தனிப் போட்டி தேவையா, அது சலுகை ஆகாதா என்று எங்கள் வட்டத்தில் ஒரு தோழி கேட்டார். நியாயமான கேள்வி. ஜப்பானில் நத்சுகோ குரோதா 75 வயதில், 2013 ஜனவரியில், அகுதாகவா பரிசு பெற்றார். வளரும் எழுத்தாளர்களுக்கென்று இருக்கும் பரிசு அது. வயதுக்காக யாரும் அவருக்குத் தனி வரிசை போடவில்லை. ஆனால் அவர் வாழ்நாள் முழுவதும் எழுதிக்கொண்டே இருந்தவர். எழுத ஒரு நாளும் வாய்க்காதவளைப் பொதுவரிசையில் நிற்கச் சொல்வது சமத்துவம் ஆகாது. தனிப் போட்டி ஓர் ஏணி. ஏறிய பிறகு அவள் கதையைக் கதையாகத்தான் மதிப்பிட வேண்டும். ‘இந்த வயதிலும் என்ன அருமை’ என்ற பாராட்டு எனக்குச் சால்வையைப் போலவே படுகிறது.

இன்னொரு நிகழ்ச்சியையும் சொல்லியாக வேண்டும். முதல் மூன்று இடங்களுக்குள் வந்திருக்கக்கூடிய ஒரு கதையைத் திரும்பப் பெற, எழுதியவரின் மகன் வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். “அம்மா ஏதோ தெரியாம எழுதிட்டாங்க. எங்க அப்பாவப் பத்தி ஊர்ல தப்பா பேசுவாங்க” என்றார். கதையில் அப்பாவின் பெயர் இல்லை. ஒருவன் சம்பள நாளில் வீடு திரும்பும் சத்தம் கேட்டதும் மனைவி உலையில் அரிசியைக் கூட்டிப் போடுவதா குறைத்துப் போடுவதா என்று யோசிக்கிறாள், அவ்வளவுதான். நான் அந்த அம்மாவோடு போனில் பேசினேன். “விடுங்கம்மா, அவன் கூடத்தானே நான் இருக்கணும்” என்றார். கதையைத் திருப்பிக் கொடுத்தோம். ஔவை முதுமையைக் கேட்டு வாங்கியது கணவனிடமிருந்து தப்பிக்க. மகனிடமிருந்து தப்பிக்க எதைக் கேட்டு வாங்குவது? பழைய எழுத்தாளப் பெண்களுக்குப் புனைபெயர் அலங்காரமாக இருக்கவில்லை, பாதுகாப்பாக இருந்தது என்று அன்று புரிந்தது. நாங்கள் தனித்தாளில் பெயர் கேட்டது நடுவரிடமிருந்து மறைக்க. ஊரிடமிருந்து மறைக்க ஓர் ஏற்பாடும் செய்யவில்லை.

பரிசளிப்புக்கு முன்பு அந்த எட்டாம் வகுப்புப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். ஆயா வாசலில் உட்கார்ந்து புளி உடைத்துக்கொண்டிருந்தார். விதியை நான் தப்பாக எழுதிவிட்டேன் என்று சொன்னேன். “அதனால இன்னாமா” என்றார். தாள்களை வாங்கி, அவருக்கே முழுவதையும் வாசித்துக் காட்டினேன். ஓரிடத்தில் நிறுத்தச் சொன்னார். வேப்பமரம் இல்லை, புங்கமரம் என்றார். பேத்திக்குப் புங்கமரம் தெரியாதாம், தெரிந்த மரத்தை எழுதிவிட்டாள். திருத்தினோம். குழந்தைக்கு என்ன ஆயிற்று என்று கேட்க எனக்குத் துணிவில்லை. அவரும் சொல்லவில்லை. அந்தக் கதையை மற்ற கதைகளோடு மறுபடி நடுவர்களுக்கு அனுப்பினோம். இரண்டாம் பரிசு பெற்றது. அறிவிப்பில் ஆயாவின் பெயரையும், ‘எழுதியவர்’ என்று பேத்தியின் பெயரையும் போட்டோம்.

அடுத்த முறைக்கான விதிகளை இப்போது எல்லோரும் சேர்ந்து எழுதியிருக்கிறோம். கதையை எழுதலாம், அல்லது சொல்லி எழுதவைக்கலாம், அல்லது செல்போனில் பேசிப் பதிவு செய்து அனுப்பலாம். எழுதியவர் பெயர் தனியே குறிக்கப்படும். எழுதியதைச் சொன்னவருக்கு வாசித்துக் காட்டியிருக்க வேண்டும். பேச்சு வழக்கைத் திருத்த மாட்டோம். புனைபெயரில் கலந்துகொள்ளலாம், பரிசை யார் பெயரில் எப்படிச் சேர்ப்பது என்பதை எழுதியவரே சொல்வார். கதையைத் திரும்பப் பெறும் உரிமை எழுதியவருக்கு மட்டும், வேறு யார் வந்து கேட்டாலும் கொடுக்க மாட்டோம். இந்தக் கடைசி விதியைச் சேர்க்கச் சொன்னவர், போனமுறை கதையைத் திரும்பப் பெற்றுக்கொண்ட அந்த அம்மாதான்.